அந்தப் பொண்ணு வருமே, அந்த சோப்பு!

நம் சங்க இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி பத்திரிகைக் குழுவினர் மூன்று மாதங்களாகக் கேட்டு வருகிறார்கள். ஜி.எஸ்.டி. பற்றி எழுத ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். ஆன்லைன் வியாபாரத்தின் கொடுமையைப் பற்றி மேடை போட்டுப் பேசத் தலைவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தது கொள்முதலும் விற்பனையும்தான். ஆனாலும் நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்து கவனித்து வந்த விஷயம் ஒன்று உண்டு. சரக்கைத் தயாரிப்பவர் ஒருவர், விற்பவர் நாம், ஆனால் வாங்கச் சொல்பவர் மூன்றாவதாக ஒருவர். அவர் டி.வி. பெட்டிக்குள் இருந்து வந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் கடை செங்கல்பட்டில். தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து போட்ட கடை. மதுராந்தகம் வரைக்கும் ஒரு லைன், கிழக்கே திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என்று ஒரு லைன், மாமல்லபுரத்தில் இருந்து தேவனேரி, கோவளம் வரைக்கும் கடற்கரைக் குப்பங்களுக்கு ஒரு லைன். இந்த மூன்றாவது லைனில்தான் விளம்பரத்தின் வேகம் நமக்கு முதலில் தெரிந்தது. காரணம் பின்னால் சொல்கிறோம்.

தகப்பனார் காலத்தில் விளம்பரம் என்பது கடைக்காரரின் வாய்தான். "அண்ணாச்சி, எது நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். அண்ணாச்சி எதை எடுத்துப் பொட்டலம் கட்டுகிறாரோ அதுதான் நல்ல சரக்கு. நல்லெண்ணெய் என்றால் டின்னில் இருந்து ஒரு சொட்டு எடுத்து வாடிக்கையாளரின் உள்ளங்கையில் விட்டு, தேய்த்து முகர்ந்து பார்க்கச் சொல்வார் தகப்பனார். இதற்கு வெளியே இருந்தது இலங்கை வானொலி. கோபால் பல்பொடி எந்தெந்த நாடுகளில் விற்பனையாகிறது என்று ரேடியோ சொல்லச் சொல்ல, பூகோளப் பாடத்தில் தேறாத பையன்கள்கூட அந்த நாடுகளின் பெயரை ஒப்பித்தார்கள். நாமும் அவர்களில் ஒருவர். சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் ஸ்லைடு போடுவார்கள். உள்ளூர் ஜவுளிக் கடையின் ஸ்லைடு தலைகீழாக வந்தால் கொட்டகையே சிரிக்கும், கடைக்காரருக்கு அதுவும் லாபம்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷனில் விளம்பரம் வந்தது 1976 ஜனவரி 1 முதல். அப்போது செங்கல்பட்டில் டி.வி. உள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். உயரமான குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, ஒருவர் மாடியில் நின்று திருப்ப, ஒருவர் கீழே நின்று "வந்திருச்சு, வந்திருச்சு, போயிருச்சு" என்று கத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க ஒரு வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த முப்பது பேரும் மறுநாள் கடைக்கு வருவார்கள் என்பது நம் மூளைக்கு எட்டச் சில ஆண்டுகள் ஆயின.

முதலில் எட்டியது லிரில் சோப்பால். பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அருவியில ஒரு பொண்ணு குளிக்குமே, அந்த சோப்பு" என்பார்கள். பெண்கள் சற்றுக் கூச்சத்தோடு "அந்தப் பச்சை சோப்பு" என்பார்கள். ஆண்களுக்குக் கூச்சமே கிடையாது. அருவியை இரண்டு கையாலும் நடித்துக் காட்டி வாங்கிப் போவார்கள். அந்த அருவி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். அது நம் கொடைக்கானலில் உள்ள பாம்பாறு அருவி. 1975இல் கேரன் லூனல் என்ற பெண்மணியை வைத்துப் படம் பிடித்தார்கள். மலையில் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தவர் அவர். இன்றைக்கும் கொடைக்கானலில் அதை லிரில் அருவி என்றே வழி சொல்கிறார்கள். சோப்புக்கு அருவி விளம்பரம் செய்ததுபோய், அருவிக்கு சோப்பு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது.

அடுத்து வந்தது நிர்மா. இது வியாபாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டிய கதை. ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் 1969இல் வீட்டிலேயே கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்ற பவுடர் அது. மகளின் பெயரை ஒட்டி நிர்மா என்று வைத்தார். சர்ஃபின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சரக்கு ஓடியது, ஆனால் கடைக்காரர்கள் கடனில் எடுத்துக்கொண்டு பணத்தை இழுத்தடித்தார்கள் (நம் இனம் எங்கும் ஒன்றுதான்). படேல் கடைகளில் இருந்த சரக்கைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொண்டார், அதே நேரத்தில் டி.வி.யில் வெள்ளைப் பாவாடைச் சிறுமி சுற்றி ஆடும் விளம்பரத்தை விடாமல் ஓட்டினார் என்று வியாபார உலகில் சொல்வார்கள். ஜனங்கள் கடைகளில் வந்து கேட்கிறார்கள், சரக்கு இல்லை. கடைக்காரர்கள் படேலைத் தேடி ஓடினார்கள், இந்த முறை கையில் ரொக்கத்தோடு. 1982க்குப் பிறகு நம் பக்கத்திலும் அந்தப் பாட்டு வந்தது. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாத குப்பத்துப் பிள்ளைகள் முழுதாகப் பாடினார்கள். நம்மிடம் முன்பணம் கட்டி மூட்டை எடுத்துப்போன சில்லறை வியாபாரிகள் உண்டு. அதுவரை நம் கணக்கில் முன்பணம் என்ற பத்தியே இருந்ததில்லை.

சர்ஃபுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லலிதாஜியை இறக்கினார்கள். சேலை கட்டிய, கண்டிப்பான ஒரு குடும்பத் தலைவி. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவார், மலிவு வேறு, சிக்கனம் வேறு என்று கணக்குச் சொல்லுவார். லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்ஸி தன் தாயாரை மனதில் வைத்து உண்டாக்கிய பாத்திரமாம் அது. லிரில் அருவியும் அவர் நிறுவனத்து வேலைதான். லலிதாஜியாக வந்தவர் கவிதா சௌத்ரி. டில்லியில் நாடகப் பள்ளியில் படித்தவர். 1989இல் உடான் என்ற தொடரைத் தாமே எழுதி, இயக்கி, பெண் போலீஸ் அதிகாரியாகவும் நடித்தார். ஐ.பி.எஸ். அதிகாரியான தம் சகோதரியின் வாழ்க்கையை ஒட்டிய கதை அது. இத்தனை செய்தும், 2024 பிப்ரவரியில் அவர் காலமானபோது பத்திரிகைகள் முதலில் போட்ட பெயர் லலிதாஜி.

இதில் நமக்கு ஒரு சங்கடம் இருந்தது. லலிதாஜி பேசுவது நம் எதிரில் நின்று பேசுவதுபோலவே இருக்கும். அந்த விளம்பரம் வந்த பிறகு நம் கடையில் பெண்கள் பேரம் பேசும் தோரணையே மாறியது. "சும்மா மலிவா இருக்குன்னு தள்ளிவிடாதீங்க அண்ணாச்சி" என்று இடுப்பில் கை வைத்துச் சொன்ன ஓர் ஆசிரியையை இன்னும் நினைவிருக்கிறது. அவர் சொன்னதில் தப்பில்லை. நாம் தள்ளிவிடத்தான் பார்த்தோம்.

கடற்கரை லைன் பற்றிச் சொல்கிறோம் என்றோம். மீன்பிடிக் குப்பத்தில் கையில் காசு புழங்குவது நாள் கணக்கில். மீன் பட்டால் மாலையில் எல்லாக் கடையும் காலியாகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது பத்து நாள் சேர்ந்தாற்போல் அரிசிக்கும் கடன் நோட்டுதான். ஆகவே பெரிய பாட்டில், பெரிய டப்பா அங்கே போகாது. டி.வி.யில் நடிகை கூந்தலை அசைப்பதைப் பார்த்து ஆசை வந்துவிடும், ஆனால் பாட்டில் வாங்க வழியில்லை. அந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர்கள் கடலூர்க்காரர்கள். சின்னி கிருஷ்ணன் என்பவர் சிறிய சாஷேயில் சரக்கை அடைக்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பையன் ஒருவனை முன்னால் உட்காரவைத்து, தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, கூட்டத்தைத் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் திரையிட்டு நடுவில் விளம்பரம் காட்டி இலவச சாஷே கொடுத்தார்கள். காலி சாஷேக்களைக் கொண்டு வந்தால் ஒரு புது சாஷே இலவசம் என்றார்கள். பிறகு நடிகை அமலாவை விளம்பரத்தில் கொண்டு வந்தார்கள். மல்லிகை வாசனையும் அமலாவும் சேர்ந்ததும் சரம் சரமாக இறங்கியது சரக்கு. குப்பத்துக் கடைகளில் மீன் வலை மாதிரி வாசலில் சாஷே சரம் தொங்கியது அந்த நாளில் இருந்துதான்.

முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள் என்றதைக் கவனிக்க வேண்டுகிறோம். நம் தகப்பனார் உள்ளங்கையில் எண்ணெய் விட்ட அதே வித்தைதான். கம்பெனிக்காரர் அதை எடுத்துக்கொண்டார், நாம் விட்டுவிட்டோம்.

எண்ணெய் என்றதும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் மனதை உறுத்தும் விஷயம்.

தொண்ணூறுகளில் விருதுநகர் இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்தில் நடிகை சித்ரா வந்தார். குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கி, மலையாளத்திலும் தமிழிலும் எத்தனையோ படங்களில் நடித்தவர். ஆனால் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் நல்லெண்ணெய் சித்ரா. 2021 ஆகஸ்டில் அவர் காலமானபோதும் அந்தப் பெயரிலேயே செய்தி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மாதிரி முகம், பேச்சு. நடிக்கிறார் என்றே தோன்றாது. பின்னாளில் ஜோதிகா வந்து பெரிய நடிகைக்குரிய அழகோடு செய்தார். இருந்தாலும் நம் வயதுப் பெண்களுக்குச் சித்ராதான். விளம்பரத்தில் வரும் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று நம்மைக் கேட்டால், அழகாக இருப்பதைவிட, கடன் கேட்டால் கொடுக்கலாம் என்று தோன்றுகிற முகமாக இருக்க வேண்டும் என்போம்.

சித்ரா மட்டுமல்ல, அந்த ஐந்தாறு ஆண்டுகளில் கடலை, சூரியகாந்தி, எள் என்று எல்லா எண்ணெயும் பாக்கெட்டுக்குள் புகுந்து டி.வி.யில் ஏறின. 1998இல் டில்லிப் பக்கம் கலப்படக் கடுகெண்ணெயால் பலர் இறந்த பிறகு, எண்ணெயைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசின் உத்தரவும் வந்தது. நல்ல மாற்றம்தான். உதிரி எண்ணெயில் நடந்த கலப்படம் நமக்குத் தெரியாததா?

ஆனால் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் செக்கு வைத்திருந்த ஒரு பெரியவர் நம் தகப்பனார் காலத்தில் இருந்து நமக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வாரம் நான்கு டின். ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. பாக்கெட் எண்ணெய் வந்ததும் நான்கு டின் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஒருநாள் அவரே வந்து, "ஏன் தம்பி, எண்ணெயில ஏதும் குறை சொல்றாங்களா?" என்று கேட்டார். குறை யாரும் சொல்லவில்லை. "யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க ஐயா" என்றோம். உண்மையும் அதுதான். ஆனால் பாதி உண்மை. அவர்கள் கேட்காதபோது நாம் எடுத்துக் கொடுத்திருக்கலாம். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டிருக்கலாம். பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் அளக்க வேண்டாம், கை பிசுக்காகாது, பேச வேண்டாம். சுலபமாக இருந்தது, அப்படியே விட்டோம். இரண்டு வருடத்தில் செக்கை நிறுத்திவிட்டார். தகப்பனார் அப்போது உயிரோடு இருந்தார். நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று மட்டும் தெரியும்.

விளம்பரத்தை நம்பி நாமும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். புதிதாக வந்த ஒரு சலவைத்தூள் கம்பெனி. ரெப் வந்தார், டை கட்டியிருந்தார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியில் இருந்து தினமும் டி.வி.யில் விளம்பரம், பெரிய நடிகை ஒப்பந்தமாகிவிட்டார், இப்போது எடுத்தால் பத்துக்கு இரண்டு இலவசம் என்றார். நடிகையின் வண்ணப்படம் போட்ட அட்டையும் கொடுத்தார். நாம் அறுபது பெட்டி எடுத்தோம். ஒன்றாம் தேதி டி.வி. முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். வந்தது. எட்டு நாள் வந்தது. ஒன்பதாம் நாள் நின்றது. ரெப்பும் நின்றார். அறுபதில் நாற்பத்தொரு பெட்டி மழைக்காலத்தில் கட்டி தட்டிப்போய், கடைசியில் கார் கழுவுகிறவர்களுக்குக் கிலோ கணக்கில் போயிற்று. அந்த நடிகையின் அட்டையைக் கணக்கப்பிள்ளை தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சரக்கால் மகிழ்ச்சி அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

இத்தனை விளம்பரம் பார்த்த பிறகு, நாமே ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றாதா? தொண்ணூறுகளின் கடைசியில் தோன்றியது. ஊருக்கு ஊர் கேபிள் டி.வி. வந்த காலம். பகலில் படம் போட்டு நடுவில் உள்ளூர் விளம்பரம் ஓட்டுவார்கள். தீபாவளிக்கு முன்னால் நாம் ஆறு பேர், மளிகை, வெல்லம், பாத்திரம், ஜவுளி, பட்டாசு, செருப்பு, சேர்ந்து ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு போட்டோம். யாரை நடிக்க வைப்பது? சினிமாக்காரருக்குக் கட்டுப்படியாகாது. வெல்ல மண்டி நண்பர் சொன்ன யோசனைதான் நம் பகுதிக் கூத்துக் கலைஞர் ஒருவரை அழைப்பது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேலை என்ன? திரைக்கு முன்னால் துள்ளி வந்து, ராஜா வருகிறார் என்று கூவுவது. ராஜாவுக்குப் பதில் கடை வருகிறது என்று கூவட்டும். யோசனை பிரமாதமாகப்பட்டது.

படம் பிடிக்கக் கல்யாண வீடியோக்காரர். இடம் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலைப் பின்னணியில் வைத்து எடுத்தால் பார்ப்பவர் அசந்துபோவார் என்று போனோம். காவலாளி நிறுத்திவிட்டார். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், விளம்பரப் படம் எடுக்க முறையான அனுமதி வேண்டும். அவர் செய்தது சரி, நாம்தான் விசாரிக்காமல் போனோம். வடக்கே தள்ளி, படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலில் எடுத்தோம். அன்றைக்குப் பார்த்துக் காற்று. கட்டியங்காரரின் கோமாளித் தொப்பி இரண்டு முறை கடலை நோக்கிப் பறந்தது. குப்பத்துப் பையன்கள் ஓடிப் பிடித்து வந்தார்கள். பேசியது எதுவும் பதியவில்லை. கடைசியில் செங்கல்பட்டில் ஓர் அறையில் உட்காரவைத்துக் குரலை மட்டும் தனியாகப் பிடித்துச் சேர்த்தார் வீடியோக்காரர். நாற்பது வினாடிப் படம். அந்தக் கலைஞருக்கு முந்நூறு ரூபாயும் வேட்டி சட்டையும் கொடுத்தோம்.

ஓடியது ஐயா, ஓடியது. பத்து நாள், தினம் எட்டு முறை. தெருவெல்லாம் பிள்ளைகள் கட்டியங்காரன் மாதிரி ஒரு காலைத் தூக்கிக் குதித்தார்கள். ஆனால் கடைக்கு வந்தவர்கள் கேட்டது, "கட்டியங்காரன் கடை எது?" என்று. ஆறு கடைப் பெயரையும் அவர் ஒரே மூச்சில் அடுக்கியதில் முதல் பெயர் மட்டும்தான் ஜனங்கள் காதில் நின்றது. முதல் பெயர் பட்டாசுக் கடை. கடைசிப் பெயர் வெல்ல மண்டி. யோசனை சொன்னவரே கடைசியில் போனதில் அவருக்கு வந்த கோபம் பொங்கல் வரைக்கும் தீரவில்லை. நம் கணக்கைப் பார்த்தால், முந்தின தீபாவளிக்கும் அந்தத் தீபாவளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையான லாபம் கட்டியங்காரருக்குத்தான். அந்த ஆண்டு அவர் ஜமாவுக்குக் கூத்து அழைப்பு நிறைய வந்ததாம். மறு ஆண்டு ஆயிரம் கேட்டார். நாம் கூடிப் பேசி, முடியாது என்றோம். வேறு ஊர் ஜவுளிக் கடைக்காரர் ஆயிரத்து இருநூறு கொடுத்து அழைத்துக்கொண்டு போனார்.

நடிகரை வைத்தால் நடிகர் பெயர் நிற்கிறது, கடைப் பெயர் நிற்பதில்லை. இதற்கு ஒரு மாற்று உண்டு, முதலாளியே நடிப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குப் போகாதவர் நம்மில் யார்? தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்று வளர்ந்த வி.ஜி.பன்னீர்தாஸ் சகோதரர்களின் இடம். வாசலில் சிலை மனிதர் ஒருவர் நிற்பார். யார் என்ன செய்தாலும் சிரிக்க மாட்டார், அசைய மாட்டார். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை கூட்டத்தை இழுத்த விளம்பரத்தை நாம் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தவர்தான் எச்.வசந்தகுமார். 1978இல் தியாகராய நகரில் சிறிய கடை தொடங்கினார், வசந்த் அண்ட் கோ. அங்கே சிலை மனிதர் சிரிக்கவே மாட்டார், இங்கே இவர் டி.வி.யில் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரித்த முகத்தாலேயே தமிழ்நாடு முழுவதும் தெரிந்தார். 2019இல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் காலமானபோது, அவர் கடையில் ஒரு மிக்சி வாங்கியவர்கள்கூடத் தெரிந்த மனிதர் போனதுபோல வருத்தப்பட்டார்கள்.

பிறகு சரவணா ஸ்டோர்ஸ். முன்பு சினேகா நடித்தார். அப்புறம் அந்தக் குடும்பத்து லெஜண்ட் சரவணன் தாமே ஹன்சிகா, தமன்னாவோடு ஆடினார். ஊரே கேலி செய்தது. கேலி செய்தவர்கள் எல்லாரும் அந்த விளம்பரத்தை முழுதாகப் பார்த்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2022 ஜூலையில் கதாநாயகனாகப் படமே எடுத்து வெளியிட்டார். லலிதா ஜுவல்லரி கிரண்குமார் மொட்டைத் தலையோடு வந்து, வாங்குவதற்கு முன் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். அழகு கிடையாது, ஆட்டம் கிடையாது, கணக்குப் பேசுகிறார். நம் ரசனைக்கு அவர்தான்.

நடிகர்கள் செய்த விளம்பரங்களில் நடிகர்களைவிட உயர்ந்து நின்றது லியோ காபி. அதில் நடித்த இளைஞர் அரவிந்த்சாமி. பாட்டுக்கு இசை ஏ.ஆர்.ரகுமான். அந்தக் காபிப் பாட்டை ஒட்டிய அறிமுகம்தான் மணிரத்னத்திடம் போய், 1992இல் ரோஜாவாக வந்தது. ரோஜாவின் நாயகனும் அரவிந்த்சாமிதான். சென்னைக் காபிக்கொட்டை வியாபாரி ஒருவரின் விளம்பரச் செலவில் இருந்து தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இது.

மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஓரிரண்டு ஆண்டுகளில் குப்பத்து ஓட்டு வீடுகளில் எல்லாம் பெட்டி வந்துவிட்டது. பிள்ளைகள் கேட்கும் சரக்கு மாறியது. நூடுல்ஸ் அப்படி வந்ததுதான். 2015 ஜூனில் மேகியில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று தமிழ்நாடு அரசு மூன்று மாதம் தடை விதித்தது, மறுநாளே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் நிறுத்தச் சொன்னது. விளம்பரத்தில் வந்த அமிதாப் பச்சன், மாதுரி தீட்சித், பிரீத்தி ஜிந்தா மீது வழக்குப் பதியச் சொல்லி பீகாரில் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் சரக்கு மறுபடி வந்தது. ஆனால் இடையில் நடந்ததை நாம் அறிவோம். தேவனேரியில் ஒரு தாய் கடைக்காரரிடம் வந்து, "நீதானே அண்ணே எம்புள்ளைக்குக் குடுத்தே" என்று அழுதார். அமிதாப் பச்சனிடம் போய் யாரும் அழவில்லை. சரக்கு கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் அந்தத் தாயின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வணிகர்கள் படித்து வைத்துக்கொள்வது நல்லது. பொய்யான விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும், அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் முதல் முறை பத்து லட்சம் வரை, மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம். தோன்றியவர் ஓர் ஆண்டு வரை, மறுமுறை மூன்று ஆண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடை. தாம் சொல்வது உண்மையா என்று தக்கபடி விசாரித்த பிறகே தோன்றினார் என்றால் அவருக்கு விலக்கு உண்டு. கடைக்காரர்களும் தங்கள் பெயரில் நோட்டீஸ் அடிக்கும்போதும் செல்போனில் படம் போடும்போதும் வார்த்தையை அளந்து போட வேண்டும். சர்க்கரை நோய் தீரும் என்று தினைமாவு பாக்கெட்டில் எழுதிய ஒருவரை நமக்குத் தெரியும். நாமே சொல்லி அழிக்க வைத்தோம்.

இப்போது டி.வி. பெட்டியைவிடச் செல்போன்தான். நடிகையும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் முகத்தைக் காட்டி விற்கலாம். போன தை மாதம் ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறாராம். செல்போனில் தாமே பேசி நடித்த படங்களைக் காட்டினார். நன்றாகவே பேசுகிறார். கடைசியில் ஒரு சொட்டு எண்ணெயை எடுத்து உள்ளங்கையில் விட்டு, தேய்த்து முகர்ந்து காட்டுகிறார். எங்கே கற்றுக்கொண்டாய் தம்பி என்று கேட்டோம். தாத்தா சொல்லிக் கொடுத்ததாம், தாத்தாவுக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் செக்கு இருந்ததாம். லேபிளைத் திருப்பிப் பார்த்தோம். அந்தப் பெரியவரின் பெயர்.

நாம் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, தெரிந்துதான் வந்தாரா என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. இருபது லிட்டர் ரொக்கத்துக்கு எடுத்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்திருக்கிறோம், வருகிறவர் உள்ளங்கையில் நாமே விடுகிறோம். இதுவரை பதினான்கு லிட்டர் போயிருக்கிறது. விலை அதிகம் என்று சிலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாட்டில் மூடி சற்று ஒழுகுகிறது, அதை மாற்றச் சொல்லியிருக்கிறோம்.